உறைக்குள் உறங்கும் பகதூர்

அண்மையில் நண்பரொருவரின் வீட்டில் பழைய 'இந்திரஜால் கொமிக்ஸ்' பிரதிகள் சிலவற்றைக் காணக் கிடைத்தது. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. ஒன்றைப் பிரிக்கக் கை நீட்டினேன். "மடிப்பு விழுந்தால் மதிப்புப் போய்விடும்" என்று தடுத்தார். இலக்கமும் ஆண்டும் மனப்பாடமாகச் சொன்னவருக்கு, எழுதியவர் யாரென்பது தெரியவில்லை.

டைம்ஸ் ஒப் இந்தியா நிறுவனம் 1964இல் தொடங்கிய இந்திரஜால், 1990இல் நின்றுபோனது. ஃபாண்டம், மாண்ட்ரேக் என அமெரிக்க நாயகர்களே அதில் கோலோச்சினர். 1976இல்தான் பகதூர் வந்தான். அவனைப் படைத்தவர் குஜராத்தி, ஹிந்தி மொழிகளில் எழுதும் ஆபித் சுர்த்தி. சித்திரம் தீட்டியவர் கோவிந்த் பிராமணியா.

சேகரிப்பாளரை ஈர்ப்பது அருமையும் பால்ய நினைவும் என்பர். அது பாதி உண்மையே. பகதூருக்கு முகமூடியில்லை, மந்திரமில்லை. காவிக் குர்தாவும் ஜீன்ஸும் அணிந்தவன். பொலிஸாரின் கையில் மாண்ட கொள்ளையனின் மகன். பழிவாங்கத் துடித்தவன் மனம் மாறி, கிராமத்தவரைக் கொண்டே ஒரு காவற்படை அமைக்கிறான். ஃபாண்டமின் காட்டு மக்களுக்கு வெளியிலிருந்து வந்த வெள்ளையனின் வம்சமே காவல். பகதூரின் ஊரில் மக்களே தமக்குக் காவல். இந்த வேறுபாட்டை அன்றைய சிறுவன் பெயரிட்டுச் சொல்லியிருக்கமாட்டான், ஆனால் உணர்ந்திருப்பான். இன்று விலை கொடுத்துத் தேடுவதும் அந்த உணர்வைத்தான் என்பது என் எண்ணம்.

குறையும் உண்டு. சம்பல் பள்ளத்தாக்கில் நிலத்தகராறும் சாதிப்பகையும் பலரைத் துப்பாக்கி ஏந்த வைத்தன. 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன் அவர்கள் கூட்டமாகச் சரணடைந்தபோது நாடே அந்தக் காரணங்களைப் பேசியது. நான் வாசித்த பகதூர் கதைகளோ கொள்ளையன் ஏன் கொள்ளையனானான் என்று கேட்பதில்லை. தந்தையின் மரணம் மகனைத் திருத்தும் பாடமாக மட்டும் சுருங்கிவிடுகிறது. அச்சாவில் தொடங்கிய துணிச்சல் அவ்விடத்தில் தயங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் சொல்வதற்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். எழுதியவரின் பெயரை மறந்து இலக்கத்தை மட்டும் காப்பது சேகரிப்பாகலாம், இலக்கியப் பாதுகாப்பாகாது. காகிதத்தைக் கறையானிடமிருந்து மீட்டுத் தந்தமைக்காக நண்பருக்கு நன்றி. ஆனால், மடிப்பு விழாத நூல் வாசிக்கப்படாத நூலும்தான்.