ஆறிப்போன சோறு

டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு சுஷிக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 36,000 யென், நம் கணக்கில் கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபாய். மொத்தமே எட்டு இருக்கைகள். வழுவழுவென்று இழைத்த ஹினோக்கி மரப் பலகைக்கு அந்தப் பக்கம் செஃப், இந்தப் பக்கம் நாம். எதைத் தருவது, எந்த வரிசையில் தருவது என்பதை அவரிடமே விட்டுவிடும் 'ஒமகாசே' முறை. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் சாப்பாடு ஏமாற்றிவிட்டது. எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

சுஷி என்றால் பச்சை மீன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் வினிகரும் உப்பும் சேர்த்த சோறுதான் சுஷி. அதை 'ஷாரி' என்கிறார்கள். மேலே வைக்கும் மீன் 'நேதா'. டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இது தெருவோரத் தள்ளுகடைப் பண்டம். ஐஸ் கிடையாது. அதனால் மீனை உப்பில் போட்டார்கள், வினிகரில் ஊற வைத்தார்கள், சோயாவில் முக்கினார்கள், வேக வைத்தார்கள். இந்தப் பக்குவத்துக்குச் சுஷிக்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'ஷிகொத்தோ'. நேர்ப்பொருள்: வேலை. 1804-இல் ஹண்டா ஊரில் சாக்கே என்ற அரிசி மது வடிப்பவராக இருந்த நாகானோ மதாஸாஎமோன் என்பவர், சாக்கே பிழிந்த சக்கையிலிருந்து வினிகர் எடுத்து விற்கத் தொடங்கினார். எதோ நகரத்துச் சுஷிக்கு அது வாகாக அமைந்தது. சோற்றுக்கு லேசான பழுப்பு நிறம் தருவது இந்தச் சிவப்பு வினிகர்தான். நான் போன கடையிலும் அதுவே. செஃப் பெருமையாகவே சொன்னார்.

கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் வைத்துத் தருவது 'நிகிரி'. முதல் நிகிரி கணவாய். மேலே கத்தியால் மயிரிழைக் கீறல்கள். ரப்பர் போல இழுக்க வேண்டிய சதை நாக்கில் பட்டதும் தளர்ந்தது. சோறு உள்ளங்கைச் சூட்டில் இருந்தது, பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வந்த வேக வைத்த கடல் விலாங்கும் குறை சொல்ல முடியாதது. தேர்ந்த கைதான், சந்தேகமில்லை.

அதன்பின் கச்சேரி தொடங்கியது. செஃப் சூரை மீனின் பெரிய கட்டி ஒன்றைப் பலகையில் வைத்தார். எந்தத் துறைமுகம், எந்தப் படகு, எத்தனை நாள் பதப்படுத்தியது என்று விளக்கம். எட்டுக் கைபேசிகளும் எழுந்தன. சூரைக்கு அங்கே இருக்கும் மவுசு அப்படி. 2019 ஜனவரியில் டோக்கியோவின் தொயோசு மீன் சந்தையின் புத்தாண்டு முதல் ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33.36 கோடி யென்னுக்குப் போயிற்று. அடுத்து, கடல் முள்ளெலியின் மேல் கேவியர், அதன் மேல் தங்க இழை. தங்கத்துக்கு ருசி இல்லை என்பது உலகறிந்த விஷயம். கேவியரின் உப்பு, முள்ளெலியின் மெல்லிய இனிப்பைத் தின்றுவிட்டது.

இவ்வளவும் நடக்கும்போது சோறு மரத்தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தது.

கொழுத்த வயிற்றுப் பகுதியான ஓதோரோ வந்தபோதே சந்தேகம் தட்டியது. அதன் கொழுப்பு கொஞ்சம் சூடு பட்டாலே இளகும்; அந்தச் சூட்டைத் தரவேண்டியது அடியில் இருக்கும் சோறு. தரவில்லை. மெழுகு போல அண்ணத்தில் ஒட்டியது. அடுத்து கொஹாதா. மத்தி வகையோடு உறவுள்ள சிறு வெள்ளி மீன். விலை மலிவு, வேலை அதிகம். உப்பிலும் வினிகரிலும் எவ்வளவு நேரம் என்பது மீனின் பருமனைப் பொறுத்து மாறும் என்பதால், கொஹாதாவைத் தின்று பார்த்துக் கடையை எடைபோடுவது அங்கே பழைய வழக்கம். மீன் பதமாகத்தான் இருந்தது. சோறோ இறுகிய கட்டி. மீன் ஒரு பக்கம் கரைந்து போக, சோறு மறுபக்கம் தனியாக வாயில் நின்றது.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாதே என்று என்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டேன். சுடுசோறு தின்று வளர்ந்த நாக்கின் பாரபட்சமோ? இல்லை. பழைய சோற்றை ஆசையாகச் சாப்பிடுகிறவன் நான். அது நீரில் ஊறி இளகிய சோறு. இது ஆறியதால் மாச்சத்து இறுகிப்போன சோறு. சில செஃப்கள் பருக்கையை வேண்டுமென்றே விறைப்பாக வைப்பதுண்டு, இவர் பாணியும் அதுவோ? அப்படியென்றால் முதல் நிகிரியிலும் அந்த விறைப்பு இருந்திருக்க வேண்டும். இல்லை. நேரம் ஆக ஆகத்தான் இறுகியது.

சாட்சி தானாகவே வந்தது. வரிசை முடிந்ததும், இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்பது வழக்கம். உடன் வந்த ஜப்பானிய நண்பர் எங்கள் இருவருக்கும் இன்னொரு கொஹாதா கேட்டார். அதற்குள் எட்டரை மணிப் பந்திக்காக உள்ளேயிருந்து புதுத் தொட்டி வந்துவிட்டிருந்தது; மூடியைத் திறந்ததும் வினிகர் வாசனை எங்கள் வரைக்கும் அடித்தது. அதே மீன், அதே கை, புதுச் சோறு. வாயில் போட்டதும் புளிப்பும் எண்ணெய்ப் பசையும் சோற்றின் இனிப்பும் ஒன்றாகக் கலந்து கரைந்தன. நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். நான் செஃபைப் பார்த்தேன். அவர் அடுத்த பந்திக்காகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாய்தான் கடைமேல் என் கோபத்தை முற்ற வைத்தது. தெரியாத கை என்றால் மன்னித்துவிடலாம். இவருக்குத் தெரியும். பாதி வரிசையில் ஒரு புதுத் தொட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தால் போதும். அதைச் செய்யாமல், ஒரு தொட்டிச் சோற்றை ஒரு பந்தி முழுக்க இழுத்தடித்து, அந்தக் குறையைத் தங்க இழையால் மூடியிருக்கிறார். 36,000 யென்னுக்கு இந்தக் கடையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடைசியாகக் கேட்ட கொஹாதாவுக்குப் பில்லில் தனியாக 900 யென் சேர்த்திருந்தார்கள். அதை மட்டும் மனசாரக் கொடுத்தேன்.