இடமற்ற வானம்: தமிழ்ப் பொதுவாசிப்பு வானியல் எழுத்தும் மரக்காணக் கரையும்

முன்னுரை

2023ஆம் ஆண்டில் சந்திரயான் 3 நிலவில் இறங்கியதும் ஆதித்யா எல்1 ஏவப்பட்டதும் தமிழில் பொதுவாசகருக்கான வானியல் எழுத்தைப் பெருக்கின. தகவலுக்கு இவ்வெழுத்தில் குறைவில்லை. கோள்களின் தொலைவும் விண்மீன்களின் வயதும் பிழையின்றித் தரப்படுகின்றன. எனினும் வாசகர் எந்த நிலத்தில் நின்று வானைக் காண்கிறார் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உயிரும் தொழிலும் உள்ளிட்ட கருப்பொருள் அவற்றின் அடியாகத் தோன்றும். அவ்வளவுகோலால் நோக்கின், இன்றைய வானியல் எழுத்து முதற்பொருளை விடுத்துக் கருப்பொருளை மட்டும் அடுக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரக்காணத்து உப்பளக் கரையைச் சான்றுக்களமாகக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

சங்கச் சான்றுகளும் அவற்றின் பயன்பாடும்

வானியல் நூல்களின் முன்னுரைகள் புறநானூற்றின் 30, 229ஆம் பாடல்களைப் பெரிதும் நாடுகின்றன. உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் 30ஆம் பாடல் ஞாயிற்றின் செலவையும் காற்றின் இயக்கத்தையும் நேரில் சென்று அளந்தவர் போலக் கூறுவோர் உளர் என்கிறது. சோழன் நலங்கிள்ளியின் ஆற்றல் அவ்வாறு அளத்தற்கு அரியது என்பதே பாட்டின் நோக்கு. இதனைத் தமிழர் விண்ணை அளந்தமைக்கு நேர்ச்சான்றாகக் காட்டுவோர் பாட்டின் ஒப்புமை அமைப்பைக் கைவிடுகின்றனர்.

கூடலூர் கிழாரின் 229ஆம் பாடல் வேறு வகையினது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் இறப்பைப் பாடும் அது, பங்குனித் திங்களின் ஒரு நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததைக் கூறுகிறது. உச்சியில் நின்ற மீன் சாய்கிறது. அதற்கு எட்டாவது மீன் எதிரே எழுகிறது. மற்றொரு மீன் தாழ்கிறது. இம்மூன்றும் முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்பது உரைவிளக்கம். இம்மீன்களுக்கிடையே ஏறத்தாழ ஆறாறு மணி நேர இடைவெளி உண்டு. ஆதலால் உத்தரம் உச்சியடைகையில் மற்றவை கீழ், மேல் வானங்களின் விளிம்பை ஒட்டி நிற்பதை இன்றும் காணலாம். பாடல் நிகழ்வோடு அதன் மாதத்தையும் யாமத்தையும் திசையையும் பதிவு செய்கிறது. பொதுவாசிப்பு நூல்களோ ‘சங்கத் தமிழர் எரிமீனை அறிந்திருந்தனர்’ என்னும் ஒற்றை முடிபோடு நின்றுவிடுகின்றன. பெருமைக்குச் சான்று கிடைத்தது. காணும் முறை கைவிடப்பட்டது.

புதுச்சேரிக் கணிதரும் ரகுநாதாச்சாரியும்

முறை உயிரோடிருந்தமைக்கு இக்கரையிலேயே சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகக் கட்டி மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31 – ஜூன் 1 இரவில் நிகழ்ந்த நிலவு மறைப்பை அவர் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. கணிதவியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கெபாவர் 1952இல் இதனை மீண்டும் ஆராய்ந்து, இம்முறையின் வேர்கள் பாபிலோனியக் கணக்கு மரபு வரை செல்வதைக் காட்டினார். கணிதருக்கு மறைப்பின் காரணக் கோட்பாடு தெரியாது. வாய்பாடும் கைப்பழக்கமும் மட்டுமே தெரியும். இன்றைய நூல்களின் வாசகர் நிலை இதற்கு நேர் எதிரானது. மறைப்பு ஏன் நிகழ்கிறது என்பதை அவர் அறிவார். தம் ஊரில் அது எப்போது தொடங்கும் என்பதை அறியும் வழி அவருக்குக் கற்பிக்கப்படுவதில்லை.

இவ்விரு முனைகளையும் இணைத்தவர் சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், 1874 டிசம்பர் 9 அன்று நிகழவிருந்த வெள்ளி இடைமறிப்பை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் நூல் வெளியிட்டார். நிகழ்வுக்கு முன்னரே எழுதப்பட்டமையால் அந்நூல் வாசகரைக் காண்பவராக ஆக்கியது. கண்டறிந்த நிலைகளோடு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டதும் இந்நோக்கினதே. நாள்தோறும் பஞ்சாங்கம் காணும் பொதுமக்களை அறிவியலின் வாசகராக அவர் மதித்தார்.

மரக்காணத்தில் ஒரு சோதனை

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை மரக்காணமாக ஆய்வாளர் கொள்வர். நெய்தல் நிலத்தின் சிறுபொழுதாகிய எற்பாட்டினை ஞாயிறு படும் பொழுது என்றே உரைமரபு பெரிதும் கொள்கிறது. ஞாயிறு தோன்றும் காலை எனக் கொண்டாரும் உளர். ஞாயிறு கடலிலிருந்து எழுந்து நிலத்தின்பால் மறையும் இக்கீழ்க்கரையில் அவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நிற்கும் இடம் பொருளை மாற்றும் என்பதற்கு அது சான்று.

இங்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்தி திருத்தி, அடுத்த மழைக்காலம் வரை உப்பு விளைவிப்பர். வெயிலே இவர்களின் உழவு. ஆயின் பொதுவாசிப்பு நூல் இவர்களுக்குக் கூறுவது என்ன? நண்பகல் நிழல் வடக்கே விழும், சப்தரிஷி மண்டலம் மறையாது வடமீனைச் சுற்றும் என்பன ஐரோப்பிய வானத்துக்குரிய செய்திகள். ஆங்கில நூல்வழி வந்து திருத்தமின்றித் தங்கிவிட்டவை. மரக்காணம் ஏறத்தாழ 12.2° வடக்கு அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் 23ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சிக்கு வருவதால் நட்ட கோலுக்கு நிழல் இராது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில், அதாவது உப்பு மிகுதியாக விளையும் கோடையில், நண்பகல் நிழல் தெற்கே விழும். அந்நண்பகலும் கடிகாரத்தின் 12 மணி அன்று; இந்திய நேரம் 82.5° கிழக்கு நெட்டாங்குக்குரியது என்பதால் 12.10ஐ ஒட்டியே வரும். இரவில் வடமீன் கையை நீட்டிப் பிடித்த முட்டி ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும்; அகத்திய மீன் தெற்கே இரண்டரை முட்டி உயரம் வரை ஏறும்; சப்தரிஷி எழுந்து மறையும்.

எண்கள் பொதுவாசகரை அச்சுறுத்தும் என்பர். மேற்கண்டவற்றைச் சரிபார்க்கத் தேவைப்படுவன ஒரு கோலும் ஒரு முட்டியுமே. பழைய கணிதர் ஊரின் அகலாங்கைக் குறித்த முறையும் இதுவே: பகலும் இரவும் சமமாகும் நாளில் 12 விரற்கோலின் நண்பகல் நிழலை அளப்பர். மரக்காணத்தில் அது இரண்டரை விரலுக்குச் சற்று மிகும். இத்தகைய அளவை ஒன்றை நூலில் சேர்ப்பதால் பக்கம் பெருகாது. வாசகரின் நிலை மாறும். கேட்டு வியந்தவர், கண்டு ஐயுறவும் உரிமை பெறுவார். ஐயுறும் உரிமையின்றிப் பரப்பப்படும் அறிவியல், சோதிடம் பரப்பப்படும் முறையினின்று வாசகர் நோக்கில் வேறுபடுவதில்லை.

முடிவுரை

புறநானூற்று 229ஆம் பாடலில் இடமும் பொழுதும் உண்டு. புதுச்சேரிக் கணிதரிடம் முறை உண்டு, காரணம் இல்லை. இன்றைய நூல்களில் காரணம் உண்டு, இடமும் முறையும் இல்லை. ரகுநாதாச்சாரியிடம் காரணமும் முறையும் கூடின. அக்கூட்டு ஒன்றரை நூற்றாண்டாகத் தொடரப்படாமை தமிழ் அறிவியல் எழுத்தின் குறை. வானியல் நூல் ஒன்றை மதிப்பிடும் திறனாய்வாளர், அதன் கலைச்சொற்களை நோக்குவதோடு, அது எந்த அகலாங்கிலிருந்து எழுதப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் நிற்கும் வாசகர் அந்நூலைக் கையில் கொண்டு தம் நிழலைச் சரிபார்க்க இயலுமாயின், அது தமிழில் எழுதப்பட்ட வானியல் நூல். இயலாதாயின், அது தமிழ்ச் சொற்களில் அமைந்த வேற்று நிலத்து வானமே.