ஓடாமல் நிற்கத் தெரிந்த மல்லர்

லினோ வென்ச்சுராவின் நடிப்பை அவர் முகத்தில் தேடாதீர்கள். கழுத்தையும் தோளையும் பாருங்கள்.

1919இல் இத்தாலியின் பார்மாவில் பிறந்து, சிறுவயதிலேயே பிரான்சுக்கு வந்தவர். தொழில் குஸ்தி. 1950இல் ஐரோப்பியப் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஆன்ரி கோகானுடன் மோதியபோது கால் முறிந்தது. கோதாவை விட்டு இறங்கி, போட்டிகளை நடத்தத் தொடங்கினார். அவரை சினிமாவுக்கு இழுத்து வந்தவர் இயக்குநர் ழாக் பெக்கர். 1954இல் வந்த 'துஷே பா ஓ கிரிஸ்பி'யில் ழான் கபேன் என்ற மாபெரும் நட்சத்திரத்துக்கு எதிரே, நடித்தே பழக்கமில்லாத இந்த மனிதர் துளியும் பதறவில்லை. எதிராளி முதலில் கை நீட்டட்டும் என்று காத்திருக்கும் மல்லரின் நிதானம் அது.

அந்த நிதானத்தின் உச்சம், மெல்வில் இயக்கிய 'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' (1969). நாஜி எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜெர்பியேயாக வென்ச்சுரா. கைதிகளை வரிசையாக நிறுத்தி, எந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஓடச் சொல்கிறான் ஜெர்மன் அதிகாரி. மற்றவர்கள் ஓடுகிறார்கள். ஜெர்பியே ஓடுவதில்லை என்று முடிவெடுத்து நிற்கிறார். காலடியில் குண்டுகள் பாய்ந்ததும் உடம்பு அவரை மீறி ஓடிவிடுகிறது. மனம் ஒன்று நினைக்க, கால் வேறொன்று செய்வதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார். உயிர் தப்பிய பிறகு அவரை வதைப்பது மரண பயமல்ல, ஓடிவிட்டோமே என்ற அவமானம். உடம்பை ஆளப் பழகிய விளையாட்டு வீரரால்தான் அந்த அவமானத்தை இவ்வளவு உண்மையாகச் சுமக்க முடியும் என்பேன். இத்தனைக்கும் படப்பிடிப்பில் அவரும் மெல்வில்லும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே இல்லை. உதவியாளர்கள் வழியாகத்தான் எல்லாம்.

'லே தோந்தோன் ஃப்ளிங்கர்' (1963) போன்ற நகைச்சுவைகளிலும் இதே இறுக்கம்தான் சிரிப்பை வரவழைத்தது. 'கார்த் அ வ்யூ' (1981) பெரும்பாலும் காவல் நிலைய அறைக்குள்ளேயே நடக்கிறது. சந்தேக நபராக மிஷெல் செரோ பேசித் தீர்க்க, விசாரணை அதிகாரியான வென்ச்சுரா கேட்கிறார். பிடி தளராத கேட்பு. செரோவுக்கு பிரெஞ்சு சினிமாவின் சேசார் விருது கிடைத்தது. அதில் பாதி இவருக்குச் சேர வேண்டியது.

மறு ஆண்டு 'லே மிசெராப்ள'வில் ழான் வால்ழானாக நடித்தார். பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் நீண்ட அந்தப் படத்துக்காக அவருக்கு சேசார் பரிந்துரை மட்டுமே கிடைத்தது. 1987இல் இறக்கும்வரை நடிப்புக்காக ஒரு சேசார்கூட அவருக்குத் தரப்படவில்லை. பிரெஞ்சு சினிமா தனக்குத்தானே இழைத்துக்கொண்ட அநீதி அது.