குப்பியில் 400 அலகு: எந்தக் குதிரையின் அலகு?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் வெள்ளாடு வளர்ப்பவரா நீங்கள்? ஆடுகளை ஒரே சமயத்தில் பருவத்திற்குக் கொண்டுவரும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயக்குநீர் தோய்த்த பஞ்சைப் பெட்டை ஆட்டின் பிறப்புறுப்பினுள் பன்னிரண்டு நாள்போல வைத்து எடுத்துவிட்டு, பி.எம்.எஸ்.ஜி. என்னும் ஊசியை 300 அல்லது 400 அலகு போடுவார்கள். முறையை விளக்கி எழுதுவோர் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு கிலோ சர்க்கரை எந்தக் கடையிலும் ஒரு கிலோதான் என்பதுபோல, 400 அலகும் எங்கும் ஒன்றே என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். என் குறை அங்கேதான்.

இம்மருந்து சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. 1930இல் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்னும் இருவர் இதைக் கண்டறிந்தனர். ஆனால் இதைச் சுரப்பது தாயின் உறுப்பு எதுவுமன்று! சினையாகி ஏறத்தாழ 36ஆம் நாளில் கருவின் உறையிலுள்ள சில உயிரணுக்கள் பிரிந்து, தாயின் கருப்பைச் சுவரில் புகுந்து, கிண்ணம் போன்ற முடிச்சுகளாக வளர்கின்றன. அவையே சுரப்பிடம். அறுபது, எழுபது நாளில் சுரப்பு உச்சத்தை அடையும். தாயின் வெள்ளணுக்கள் இவ்வுயிரணுக்களை அந்நியர் என்று கண்டு தாக்குவதால், 120, 130 நாளுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதே குதிரை ஆண் கழுதையோடு கூடிக் கோவேறு கழுதையைச் சுமந்தால் சுரப்பு மிகக் குறைந்து, விரைவிலேயே மறைகிறது. தகப்பன் யார் என்பது தாயின் இரத்தத்தில் தெரிகிறது பாருங்கள்! மட்டக் குதிரையிடம் செறிவு அதிகம். பாரம் இழுக்கும் பெரிய குதிரையிடம் குறைவு.

அளவு மட்டும் மாறினால் அலகைக் கொண்டு சரிசெய்துவிடலாம். குணமும் மாறுகிறதே! இந்த ஒரே பொருள் ஆட்டின் உடலில் இரண்டு வேலை செய்கிறது: முட்டைப் பைகளை வளர்ப்பது ஒன்று, வளர்ந்ததை வெடித்து வெளிவரச் செய்வது மற்றொன்று. இவ்விரு ஆற்றல்களின் விகிதம் குதிரைக்குக் குதிரை வேறு. அலகையோ, இளம் பெண் எலியின் சூலகம் எவ்வளவு எடை கூடுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவதே மரபு. விகிதம் அதில் தெரியாது. பல குதிரைகளின் இரத்தத்தைக் கலந்து தயாரிப்பாளர்கள் வேறுபாட்டைத் தணிக்கிறார்கள். முற்றும் போக்க முடிவதில்லை.

இன்னொன்று. பகல் பொழுது குறையும்போது மட்டும் பருவத்திற்கு வரும் குளிர்நாட்டுச் செம்மறிகளுக்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது. நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் பருவத்திற்கு வருபவை. இப்பகுதிக்கே உரிய கன்னி ஆடு ஊசியில்லாமலே இரட்டைக் குட்டி ஈனும். ஊசியின் வேகத்தில் மூன்றாவது குட்டியும் பிறந்தால், சித்திரை வெயிலில் அதற்குப் பால் ஏது? கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தாய்க்குக் கொஞ்சம் கம்பும் பிண்ணாக்கும் கொடுப்பது எனக்கு மேலாகப் படுகிறது.

செயற்கைக் கருவூட்டலுக்காக ஆடுகள் ஒரே நாளில் பருவத்திற்கு வந்தாக வேண்டுமென்றால் ஊசி தேவைதான். அப்போதும் மருத்துவரிடம் அளவை மட்டும் கேட்காதீர்கள். குப்பியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, எத்தனை ஆடு சினை பிடித்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எந்த ஆட்டுக்கு முன்பே போட்டது என்பதும் அந்த நோட்டில் இருக்கட்டும். திரும்பத் திரும்பப் போட்டால் சில ஆடுகளின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகி, அடுத்த முறை ஊசி பலிக்காமற் போவதுண்டு.