எந்தப் பெட்டியில் எவ்வளவு தமிழ்?

சமூக வலைத்தளங்களை ஒப்பிடும் கட்டுரைகள் நிறையப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அட்டவணைதான்: எத்தனை கோடிப் பேர் இருக்காங்க, விளம்பரம் உண்டா, எவ்வளவு நீள வீடியோ போடலாம். தமிழில் தினமும் நாலு வரி எழுதுகிற ஒருத்தருக்கு இதனால் பெரிய பிரயோசனம் இல்லை என்பது என் கருத்து. அவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். எழுதும் பெட்டிக்குள் எவ்வளவு தமிழ் பிடிக்கும்? எழுதியது நாளைக்கு நம்ம கைக்குக் கிடைக்குமா?

முதல் கேள்வி. 2006இல் தொடங்கிய ட்விட்டர் 140 எழுத்து என்று எல்லை வைத்ததற்குக் காரணம் எஸ்எம்எஸ். ஒரு குறுஞ்செய்திக்கான 160இல் 20ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அந்த 160கூட ஆங்கில எழுத்துக்கான கணக்கு. தமிழில் அனுப்பினால் 70தான். 2017 நவம்பரில் ட்விட்டர் எல்லையை 280 ஆக்கியது. ஆங்கில ட்வீட்டுகளில் 9 சதவீதம் எல்லையில் முட்டுகிறது, ஜப்பானிய மொழியில் 0.4 சதவீதம்தான் என்று காட்டி, ஜப்பானியம், சீனம், கொரியன் மூன்றுக்கும் பழைய அளவையே வைத்தார்கள். ஒரே பெட்டி எல்லா மொழிக்கும் ஒரே அளவு இல்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்ட இடம் இது.

தமிழுக்கு என்ன ஆகிறது? 'சென்னையிலிருந்து' என்ற சொல்லை எண்ணிப் பாருங்க. செ, ன், னை, யி, லி, ரு, ந், து. பள்ளிக்கூடக் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் 'ச' ஒன்று, அதன் கொம்பு இன்னொன்று. 'ன' ஒன்று, அதன் மேல் உள்ள புள்ளி இன்னொன்று. ட்விட்டர் (இப்போது எக்ஸ்) இந்த முறையில் எண்ணுவதால் இந்த ஒரு சொல்லுக்கே 16 போய்விடுகிறது. ப்ளூஸ்கை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. அங்கே எட்டுதான். அட்டவணையில் எக்ஸுக்கு 280, ப்ளூஸ்கைக்கு 300. வித்தியாசம் வெறும் 20. இந்த மாதிரிச் சொற்களால் நிரப்பினால் நிஜ வித்தியாசம் 140க்கும் 300க்கும். மாஸ்டடானில் பொதுவான எல்லை 500, இன்னும் தாராளம்.

இடம் குறைந்தால் சுருக்கமா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். சரி, ஆனால் வெட்டும்போது எது போகிறது? 'இருந்தாலும்', 'ஒருவேளை', 'பெரும்பாலும்' போன்ற சொற்கள்தான் முதலில் போகும். வாதத்தின் எலும்பே அவைதான். அவை போனால் பஞ்ச் டயலாக் மட்டும் மிஞ்சும். நாம ட்விட்டரில் இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு நம் சுபாவம் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். காசு கட்டினால் அங்கேயும் நீளமாக எழுதலாம். தினமும் நாலு வரி எழுதுவதற்குச் சந்தா எதற்கு?

இரண்டாவது கேள்வி. கூகுள் பஸ் 2011இல் நின்றது, ஆர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல். பஸ்ஸிலும் பிளஸ்ஸிலும் தமிழ்ப் பதிவர்கள் நடத்திய எத்தனையோ நல்ல விவாதங்களை இன்று தேடினால் கிடைக்காது. ஃபேஸ்புக் இன்னும் இருக்கிறது, நீள எல்லையும் தொல்லை இல்லை. ஆனால் மூன்று வருஷம் முன்பு எழுதியதை அதில் தேடி எடுப்பது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான். எக்ஸில் கணக்கு இல்லாதவர் தேடவே முடியாது.

மாஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். பழைய பதிவுகள் கூட வராது, பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்தை யார் வேண்டுமானாலும் ஆர்எஸ்எஸ் ஓடையாகப் படிக்கலாம். ப்ளூஸ்கையில் சொந்த இணைய முகவரியையே பயனர் பெயராக வைத்துக்கொள்ள முடியும்.

"அங்கெல்லாம் யார் இருக்கா?" என்பது நியாயமான கேள்வி. தமிழ்க் கூட்டம் குறைவுதான். கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது நானும் எக்ஸைத்தான் திறக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் ஃபேஸ்புக்கில்தான் தெரிகிறது. அதற்கு அது போதும். ஆனால் யோசித்து எழுதியதை, நாளைக்கு யாராவது மேற்கோள் காட்டலாம் என்று தோன்றுவதை, கூட்டத்தைப் பார்த்து ஓரிடத்தில் போடாதீங்க. ஆர்குட்டிலும் ஒரு காலத்தில் கூட்டம் இருந்தது. முதலில் உங்கள் வலைப்பதிவில் முழுசா எழுதுங்க, பிறகு சுட்டியை எங்கே வேண்டுமானாலும் கொடுங்க. சுட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்; எழுத்து எண்ணிக்கையில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.