வெண்பூசணிப் பொடி பூசிய பதினான்கு கால்காரன்

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மட்குத் தொட்டி இருக்கிறது. விளப்பில்சாலைக் குப்பை ஆலை 2011 டிசம்பரில் மூடப்பட்ட பிறகு இந்த ஊரில் பலருக்கும் வந்த பழக்கம். துலாவர்ஷம் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, தென்னைநார்த் தூளைக் கிளறப் போனேன். அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை!

நீலமா, சாம்பலா, கத்தரிப்பூ நிறமா? மூன்றும்தான். முற்றிய வெண்பூசணியின் மேல் பூத்திருக்குமே பொடி, அதை அப்படியே முதுகெல்லாம் பூசிக்கொண்டு ஒரு கூட்டம். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. விரல் பட்ட இடத்தில் பொடி கலைந்து அடியில் செம்பழுப்பு தெரிந்தது. சே, ஓவியத்தைத் தடவிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

பெயர் போர்செல்லியோனிடெஸ் புருயினோசஸ். இதில் இரண்டாம் பாதி 1833இல் விலங்கியலாளர் பிராண்ட் வைத்தது. புருயினோசஸ் என்றால் உறைபனி படர்ந்தது. கரமனைக்காரராக இருந்தால் பூசணி என்றே வைத்திருப்பார்.

பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கால்களை எண்ணுங்கள், பதினான்கு! இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். கண்ணாடிக் குப்பியில் ஏற்றி அடிவயிற்றைப் பார்த்தேன்: பின்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதுதான் மூச்சு உறுப்பு. ஒருத்தியின் மார்புக்கடியில் மஞ்சளாக ஒரு பை, உள்ளே நீரில் முட்டைகள். கடலை விட்டு வந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகியும் பிள்ளைகளுக்கென்று ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுமக்கிறாள். குஞ்சுகள் பன்னிரண்டு காலோடு வெளியே வரும். மீதி இரண்டு பிறகு முளைக்கும்.

பொன்முடி மலைப்பாதையில் தொட்டதும் கோலிக்குண்டாகச் சுருளுமே, அதன் தம்பி என்றுதான் முதலில் நினைத்தேன். அது மரவட்டை வகை. நம்மவனுக்குச் சுருளத் தெரியாது. ஆனால் ஓட்டம்! மூடியைத் திறந்த நொடியில் பாதிப்பேர் மாயம்.

பூர்வீகம் மத்தியதரைக் கடல் பக்கம் என்கிறார்கள். எருவிலும் நாற்றுத் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டே அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் போய்விட்டான். பாஸ்போர்ட் எடுத்து வைத்தும் நான் எங்கும் போகவில்லை.

நேற்று ஒருவன் பின்பாதிச் சட்டையை மட்டும் உரித்துவிட்டு நின்றான். முன்பாதி ஒரு நிறம், பின்பாதி ஒரு நிறம். இவர்கள் உரிப்பதே இரண்டு தவணையில்தான்.

"ஏங்க, தோசை ஆறுது!" கீழேயிருந்து குரல்.

"ஒரு நிமிஷம், சட்டை மாத்திட்டிருக்கான்" என்றேன். அடுத்த தவணைக்கு ஒரு நாளாவது ஆகும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.