குழாயை எடுப்பதா, விடுவதா?

புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுப் பக்கத்துப் பெருநாளத்தில் மாதக்கணக்கில் விட்டுவைக்கும் குழாய், தன்னைச் சுற்றி இரத்தத்தை உறைய வைப்பதுண்டு. அந்தப் பக்கத்துக் கை வீங்கும், கழுத்து நோகும். முன்பு குழாயை உடனே எடுத்துவிடுவார்கள். இப்போது அது வேலை செய்து, தொற்றில்லாமல், தேவையாகவும் இருந்தால் எடுப்பதில்லை. உறைவெதிர் மருந்து குறைந்தது 3 மாதம்; குழாய் உள்ளவரை மருந்தும் தொடரும்.

நியாயம்தான். எடுத்துவிட்டால் இன்னொரு நாளத்தில் புதுக் குழாய், அங்கேயும் இரத்தக்கட்டி வரலாம். 2007இல் வெளியான கனடிய ஆய்வொன்றில் 74 பேருக்குக் குழாயை எடுக்காமலே டால்டெபரின் ஊசியும் வார்ஃபரினும் கொடுத்தார்கள். இரத்தக்கட்டி மீண்டும் வந்து எந்தக் குழாயும் கெடவில்லை. ஆனால், குழாயை எடுத்தவர்கள் என்று ஒப்பிட ஒரு பிரிவே அதில் இல்லை. இவ்வளவு பரவலான ஒரு வழக்கத்துக்கு இது மெலிந்த அடித்தளம்.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பார்த்தால் வேறொரு குறையும் தெரியும். வார்ஃபரின் மலிவுதான், ஆனால் இரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதித்து அளவை மாற்றவேண்டும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அவிசாவளை வழியாகப் போய்வந்தால் அன்றைய பேர் போச்சு, பால்வெட்டும் போச்சு. சாப்பாடும் சிக்கல். வல்லாரையும் முருங்கைக்கீரையும் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விடச் சொல்வது பிழை. ஒரே அளவாகத் தின்றால் போதும். ஆனால் லயத்தில் சம்பள நாளுக்குக் கருவாடு, மாதக் கடைசியில் கீரை. அளவு எப்படி ஒன்றாயிருக்கும்?

ரிவரொக்சபன் மாத்திரைக்கு இந்தச் சோதனை வேண்டாம். 2018இல் வெளியான 70 பேர் ஆய்வில் குழாய்கள் எல்லாம் தப்பின. ஆனால் 9 பேருக்கு இரத்தம் கசிந்தது. ஒருவர் நுரையீரல் அடைப்பால் இறந்தார். கீமோவில் தட்டணுக்கள் விழும் நாட்களில் முரசு கசிந்தால் உடனே வரவேண்டும் என்பது, சிங்களத்தில் மட்டும் எழுதிய துண்டிலிருந்து தோட்டத்து அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வருமுன் காக்கச் சிறு அளவில் வார்ஃபரின் கொடுப்பதும் கைகொடுக்கவில்லை. 1,590 பேரைச் சேர்த்த பிரித்தானிய ஆய்வு 2009இலேயே அதைக் காட்டிவிட்டது.

தட்டணுக்கள் சரியாக நின்றால், தோட்டத்து நோயாளிக்கு வார்ஃபரினைவிட ரிவரொக்சபனே பொருந்தும் என்பேன். அதற்கும் முன்னால் குழாய் இன்னும் ‘தேவை’தானா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கவேண்டும். கடைசி மருந்து ஏற்றி முடிந்தும் ‘இருக்கட்டும்’ என்று விட்ட குழாய்க்காக, 3 மாதத்தோடு முடிந்திருக்க வேண்டிய மாத்திரையை ஆறேழு மாதம் விழுங்க வைக்கிறோம்.